சரின்னு சொல்லிட்டார்னா

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் அவருடைய மகன் பஞ்சர் கடை வைத்திருந்தான். கடைக்கு மேலே ஓர் அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீடு. அதற்கு ஏற, கடையின் பக்கவாட்டில் வெளிப்புறமாக ஓர் இரும்புப் படிக்கட்டு. செங்குத்தானது, ஒரு பக்கம் மட்டும்தான் கைப்பிடி. நான் முதன்முதலில் அதில் ஏறிப் போனபோது, அவர் தன் காலால் கீழே இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கட்டிலை ஜன்னலோரம் போட்டு, கைகள் இரண்டையும் தொடையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சுக்குத் தவிக்கிறவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படித்தான் உட்காருவார்கள். நான் வாசலில் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்ததைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கே மூச்சு வாங்குதுங்களே மேடம், உக்காருங்க" என்றார். அதைச் சொல்லி முடிக்க நடுவில் ஒரு முறை நின்றார்.

நான் அப்போது தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். கடத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். நுரையீரல் கெட்டுப்போனவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுத்தால் எவ்வளவு தேறுகிறார்கள் என்று அங்கே ஓர் ஆய்வு நடந்தது. சேருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு நான் வாரா வாரம் போய் மூச்சுப் பயிற்சியும் கால் பயிற்சியும் சொல்லித் தருவேன். மறுபாதிக்கு வழக்கமான மருந்து, வாரம் ஒரு போன், மாதம் ஒரு முறை நேரில் போய் அளவெடுப்பது, அவ்வளவுதான். யார் எந்தப் பாதி என்பது டாக்டர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. ஒட்டிய கவரைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான். ஆய்வு முடிந்த பிறகு மறுபாதிக்கும் பயிற்சி உண்டு. நடுவில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். இதையெல்லாம் சேரும்போதே ஒருவர் விடாமல் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னோம்.

அவருடைய கவரில் மறுபாதி வந்திருந்தது. அதைச் சொல்லத்தான் அன்றைக்குப் படியேறினேன். அவர் முகம் மாறவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த அவருடைய மனைவிக்குத்தான் முகம் வாடிவிட்டது.

"அப்ப இவருக்கு ஒண்ணும் கத்துக்குடுக்க மாட்டீங்களா கண்ணு?" என்று கேட்டார்.

"ஆய்வு முடிஞ்சதும் கத்துத்தருவோம்மா. அதுக்கு முன்னாடி வேணும்னா இதுலருந்து விலகிட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்து எடுத்துக்கலாம்" என்றேன். ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் முதலில் அந்தப் படியை இறங்க வேண்டும் என்பது அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அவர் தலையை ஆட்டினார். "விலகறதெல்லாம் வேணாம்மா. சேர்றேன்னு சொல்லிட்டேன்ல."

கீழே இறங்கி வந்தபோது மகன் ஒரு லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைக்காமலே சொன்னான்: "எங்கப்பாகிட்ட ஒண்ணு கேக்கறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக் கேக்கணுங்க. சரின்னு சொல்லிட்டார்னா முடிஞ்சுது. அவரே நெனைச்சாலும் மாத்த மாட்டாரு."

அவன் சொன்னது எவ்வளவு உண்மை என்பது அந்த மாதங்களில் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது.

போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். ஆந்திரா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று வருஷத்தில் பாதி நாள் வெளியில்தான். பாறையில் துளைபோடும் ராடு இறங்கும்போது கல்தூள் மாவு மாதிரி கிளம்பி ஆளை மறைக்கும். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே நிற்பார்களாம். இருமல் வந்து, சேலத்தில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இனிமேல் தூசுப் பக்கமே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ரிக் ஓனரிடம் அந்த சீசனுக்கு வருவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்து ஓனரே போன் பண்ணி, "நீ வராதப்பா, வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றாராம். "இல்லீங்க, வர்றேன்னு சொல்லியிருக்கேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "அந்த ஒரு சீசன்தான் கண்ணு இவர உருக்கிடுச்சு" என்று மனைவி என்னிடம் சொன்னபோது அவரும் பக்கத்தில்தான் இருந்தார். மறுக்கவில்லை.

சிரிப்பு வருகிற கதைகளும் உண்டு. கடைவீதியில் ஒரு டீக்கடையில் கிளாஸுக்குள் ஈ கிடந்ததென்று, "இனி உன் கடையில டீ குடிச்சா கேளு" என்று கோபத்தில் சொல்லிவிட்டார். பிறகு அந்தக் கடைக்காரர் இவருக்கு உயிர் நண்பராகிவிட்டார். ஊரில் இருக்கும் நாளெல்லாம் இவர் அவர் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். டீ மட்டும் எதிர்க்கடையிலிருந்து வரும். அதைக் கடைக்காரரே ரோட்டைத் தாண்டிப் போய் வாங்கி வந்து கொடுப்பாராம்.

அந்த மாடி வீடும் அப்படி ஒரு வார்த்தையில் கட்டியதுதான். கல்யாணமான புதிதில் வாடகை வீட்டுக்காரர் ஏதோ சொல்லி மனைவி அழுதிருக்கிறார். "இனி ஒரு தரம் நீ வாடகை வூட்ல கால் வெக்க மாட்ட" என்று சொன்னவர், ரிக்கில் உழைத்து, மகன் கடைக்கு மேலே அந்த அறையைக் கட்டினார். மூச்சு கெட்டுப்போன பிறகு, தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு பார்க்கலாம் என்று மனைவி எத்தனையோ முறை கேட்டுவிட்டார். "நான்தானே அன்னிக்கு அழுதேன், நானே வேண்டாம்கறேன், உட்டுருங்க" என்றும் சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை.

"இந்த மனுசன் ஒரு வார்த்தையச் சொல்லிப்புட்டு அதுக்குள்ள போயி உக்காந்துக்குவாரு. நானும் கூடவே போயி உக்காரணும்" என்றார் அந்த அம்மா. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த அறையில் எப்போதும் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கும். ஜன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலைத் தூசு உள்ளே வரும், அவருக்கு இருமல் பிடிக்கும். மூடினால் அவருக்குக் காற்றே இல்லாத மாதிரி இருக்கும். அந்த அம்மா மூடுவார், இவர் திறப்பார். வெயில் காலத்தில் மேலே காங்கிரீட் கொதிக்க, கீழே கடையிலிருந்து ரப்பர் வாசனை ஏற, நடுவில் அந்த இரண்டு பேரும். அவரைத் தனியே விட்டுவிட்டுப் போக அந்த அம்மாவுக்குப் பயம். கடைக்குக்கூட மகனைத்தான் அனுப்புவார். பென்னாகரத்தில் இருக்கும் கூடப்பிறந்த தங்கையைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னார்.

மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டால் மற்றவர்கள் 'கஷ்டமா இருக்கு' என்பார்கள். அவர் ஒருமுறை இப்படிச் சொன்னார்: "போர் போடறப்ப சில தரம் ராடு மாட்டிக்கும் பாருங்க. மேலயும் வராது, கீழயும் போவாது. மிஷின் மட்டும் உறுமிக்கிட்டே இருக்கும். அப்படித்தாங்க இருக்குது."

ஆய்வில் சேர்ந்ததும், கவர் பிரிப்பதற்கு முன்னால் நடந்த முதல் சோதனைக்கு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்த விதம்தான் எல்லாவற்றையும் சிக்கலாக்கியது. மகனும் கடையில் வேலை செய்கிற ஆளும் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, படியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பஞ்சர் போட நின்ற லாரிக்காரர்களும், டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் அண்ணாந்து பார்த்தார்களாம். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். திரும்ப மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கியதும், "இனி உசுரு இருக்கற வரைக்கும் என்ன யாரும் தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

ஆய்வின் முடிவில் இன்னொரு சோதனைக்கு வருவதாகவும் அவர் சொல்லியிருந்தார்.

வாரா வாரம் போன் செய்வேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுவார். அந்தக் கிழமையில் அந்த நேரத்துக்குப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார் என்று மனைவி சொன்னார். எதையும் மறைக்க மாட்டார், கூட்டவும் மாட்டார். குளிக்கும்போது மூச்சு வாங்கியது, சாப்பிடும்போது வாங்கவில்லை என்று உள்ளபடி சொல்வார். ஆனால் நான் கேட்காமலே எனக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிப்பார். பிறகு நடுவில் ஒரு நிறுத்தம் வந்தது. பிறகு இரண்டு வார்த்தைக்கு ஒன்று. கடைசி மாதங்களில் "நல்லா..." என்று சொல்லிவிட்டு நிற்பார். "இல்லீங்க" வருவதற்கு நான் காத்திருப்பேன். ஆய்வை நடத்திய டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் மருந்தை மாற்றினார், விலகிக்கொண்டு பயிற்சி எடுத்துக்கொள்ளலாமே என்று தானே போனில் பேசிப் பார்த்தார். "சேர்ந்தது சேர்ந்ததுதாங்க" என்று அவர் சொல்லிவிட்டார்.

ஒரு மாதம் நான் அளவெடுக்கப் போனபோது, அந்த அம்மா என்னைச் சமையல்கட்டுக்கு அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "யாருக்கும் தெரிய வேணாம் கண்ணு. அந்த மூச்சு விடற பயிற்சிய எனக்குச் சொல்லிக்குடு. நான் பாத்துக்கறேன்."

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. சின்ன வீடு, எதுவும் மறையாது.

"வேணாம்மா. நான் எடுக்காத ஆளுன்னு... இவங்க எழுதி வெச்சிருப்பாங்க. எடுத்துட்டா அது... பொய்யாப் போயிரும்."

அந்த அம்மா கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தார். சத்தம் வராமல்தான் வைத்தார். "பொய்யாப் போவட்டும்" என்றார் என்னைப் பார்த்து. அவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

அன்று நான் படியில் இறங்கும்போது என் மனசு அந்த அம்மா பக்கம்தான் இருந்தது.

கடைசிச் சோதனைக்கு நாள் குறித்தபோது, வர முடியாவிட்டால் பரவாயில்லை, ஆய்வில் இப்படி விடுபடுகிறவர்கள் உண்டு, அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது என்றேன். மகன் தூக்கிக்கொண்டு போகலாம் என்றான். அவர் இரண்டுக்கும் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், தூக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே இறங்குவார்.

அன்று காலையில் ஆஸ்பத்திரி வண்டியோடு நான் போய் நின்றபோது, அவர் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு படி இறங்குவது, உட்காருவது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு திரும்பும்வரை காத்திருப்பது, மறுபடி எழுந்து அடுத்த படி. அவருக்கு ஒரு படி கீழே, அவரைப் பார்த்தபடி அந்த அம்மா பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார். மகன் இரண்டு கைகளையும் நீட்டியபடி, ஆனால் தொடாமல், கீழே நின்றிருந்தான். டயர் மாற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர், "தூக்கிடலாமேப்பா" என்றார். மகன் வேண்டாம் என்று தலையசைத்தான். பிறகு அந்த டிரைவரும் அங்கேயே நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. இங்கே ஒரு மனிதர் தன் வீட்டிலிருந்து தரைக்கு வந்துகொண்டிருந்தார்.

ஆறு நிமிட நடை என்று அந்தச் சோதனைக்குப் பெயர். நீளமான வராண்டாவில், ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடிகிறதோ அவ்வளவு நடக்க வேண்டும். வேண்டுமானால் நிற்கலாம், சுவரில் சாயலாம். அளக்கிறவர் என்ன பேசலாம் என்பதற்குக்கூட விதி உண்டு. குறித்த நேரத்தில் 'நல்லா பண்றீங்க' என்று ஒரே குரலில் சொல்லலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை உற்சாகம் கூடினாலும் அளவு தப்பிவிடும். ஆஸ்பத்திரியில் வெகுநேரம் உட்காரவைத்து, விரலில் மாட்டிய ஆக்சிஜன் மீட்டரில் அளவு மேலே வந்த பிறகுதான் ஆரம்பித்தேன். அவர் நடந்தார், நின்றார், சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். நான், "நல்லா பண்றீங்க" என்றேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், மறுபடி நடந்தார். முதல் சோதனையில் நடந்த தூரத்தில் பாதியைத் தாண்டியதும் நேரம் முடிந்துவிட்டது. அதைத்தான் எழுதினேன்.

நாற்காலியில் உட்கார்ந்து, பேச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "முடிஞ்சுதுங்களா? இப்ப... கத்துக்குடுக்கலாங்களா?"

அங்கேயே, அந்த வராண்டாவிலேயே ஆரம்பித்தேன். மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுவது மாதிரி நிதானமாக விடச் சொன்னேன். இழுத்ததைவிட விடுவது இரண்டு மடங்கு நேரம். தோளைத் தளர்த்திக்கொள்ள வேண்டும், வயிறு எழும்பித் தாழ வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவருடைய கழுத்து நரம்புகளின் புடைப்பு சற்று இறங்கியது. அந்த அம்மா பக்கத்தில் நின்று, தானும் உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "இவ்வளவுதானா கண்ணு?"

இவ்வளவு மட்டும் இல்லை, இன்னும் கால் பயிற்சி, நடை எல்லாம் இருக்கிறது என்று சொன்னேன். அவர் கேட்டது அதை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்று திரும்பியதும், இறங்கிய மாதிரியே படிக்குப் படி உட்கார்ந்து அவரே மேலே ஏறினார். பிறகு வாரா வாரம் போனேன். நுரையீரலில் விழுந்த தழும்பு போகாது, அதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் படுத்தே கிடந்து இளைத்துப்போன காலுக்கு வலு வந்தால், அதே நுரையீரலை வைத்துக்கொண்டு இன்னும் தூரம் போகலாம். பயிற்சி செய்கிறேன் என்று சொல்லிவிட்டால் அவர் விடுவாரா? கட்டிலில் உட்கார்ந்து எழுவது, கைப்பிடியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, அறையை ஒட்டிய திறந்த மாடியில் நடப்பது என்று காலையும் மாலையும் செய்தார். வார்த்தைகள் திரும்பி வந்தன. முதலில் இரண்டு சேர்ந்து, பிறகு நான்கு. பொங்கல் சமயத்தில் படியில் இரண்டே இடத்தில் நின்று கீழே இறங்கி, கடை வாசலில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தார். டீக்கடை நண்பர் பார்க்க வந்தார். வரும்போது எதிர்க்கடையில் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

முடிவுகள் வந்த பிறகு, ஆய்வில் கலந்துகொண்ட எல்லோரையும் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக் கூடத்துக்கு வரச்சொல்லி, என்ன தெரிந்தது என்று டாக்டரம்மா விளக்கினார். பயிற்சி எடுத்தவர்கள் தெளிவாகத் தேறியிருக்கிறார்கள். எடுக்காதவர்கள் அப்படியே இருந்திருக்கிறார்கள், சிலர் இறங்கியிருக்கிறார்கள். இதை வைத்துத்தான், இனிமேல் நோய் தெரிந்த உடனே எல்லோருக்கும் வீட்டுப் பயிற்சி வேண்டும் என்று மேலிடத்தில் கேட்க முடியும். உங்கள் எல்லோராலும்தான் இது நடந்தது என்றார். மனசாரத்தான் சொன்னார். கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.

அந்த அம்மா எழுந்து நின்றார்.

"நீங்க சொல்றது நல்லதுதானுங்க டாக்டரம்மா. இனி வர்றவங்களுக்கு ஆவும். நான் குத்தம் சொல்ல வரல. அத்தன மாசம் இவரு அந்த ரூமுக்குள்ள எறங்கிக்கிட்டே இருந்தாரு. நானும் அதே ரூமுலதானுங்க இருந்தேன். கையெழுத்து இவருதான் போட்டாரு. என்ன யாரும் கேக்கலீங்க."

டாக்டரம்மா மைக்கைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க சொல்றது நியாயம்மா. கேட்டிருக்கணும்" என்றார். அந்த அம்மா சரி என்று தலையசைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அவருடைய கணவரைப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ புதிதாக வந்து உட்கார்ந்த மாதிரி.

ஆட்டோவில் நானும் கூடப் போனேன். பஞ்சர் கடையில் இறங்கியவர் படியேறாமல், அடுக்கி வைத்திருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார். உதட்டைக் குவித்து ஊதி மூச்சைச் சமன் பண்ணிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"கீழ் வூடு ஒண்ணு பாக்கலாம்னியே. பாரு."

"வாடகை வூடுங்க" என்றார் அந்த அம்மா.

"தெரியும். நான் சொன்ன சொல்லுதானே, நானே மாத்திக்கறேன்."

மகன் காற்றடிக்கிற குழாயைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். நானும்தான். அந்த அம்மா படியேறி மேலே போனார். ஜன்னலை விரியத் திறக்கிற சத்தம் கேட்டது.

ஊருக்குள் ஓர் ஓட்டு வீடு கிடைத்தது. வாசலில் ஒரே ஒரு படி. அங்கே இரண்டு மழைக்காலம் இருந்தார். அதற்கடுத்த பனிக்காலத்தில் சளி பிடித்து நெஞ்சில் இறங்கி, அவர் போய்விட்டார் என்று மகன் போனில் சொன்னபோது, நான் வேலை மாற்றிக்கொண்டு கோயம்புத்தூரில் இருந்தேன். இன்றும் கல்தூசு நோயோடு யார் வந்து என் முன்னால் உட்கார்ந்தாலும், அவரைப் பற்றி எனக்கு நினைவு வருவது கோயம்புத்தூருக்குக் கிளம்புவதற்கு முன்னால் விடைபெறப் போன அந்த ஒரு மாலைதான்.

வீட்டில் அவர் மட்டும் இருந்தார். மனைவி எங்கே என்றேன். பென்னாகரத்துத் தங்கை வீட்டுக்கு முந்தின நாள் போயிருக்கிறார், அங்கிருந்து அக்கா தங்கை இருவரும் ஒகேனக்கல் போய்க் குளித்து மீன் சாப்பிட்டுவிட்டு, இன்று சாயந்திரம் பஸ்ஸில் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். சோறாக்கி, குழம்பு வைத்து, மாத்திரையை எடுத்துவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். பஸ் ஸ்டாப்புக்கு வருகிறேன் என்று இவர் சொல்லியிருந்தாராம். "நீங்களும் பஸ்ஸுக்குத்தானே போவீங்க, வாங்க" என்று செருப்பை மாட்டினார்.

ரோடு வரைக்கும் மெதுவாக நடந்தோம். வழியில் மூன்று இடத்தில் நின்றார். நின்றபோதெல்லாம் பேசவில்லை, ஊதினார். ஸ்டாப்பில் இருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டார். பென்னாகரம் பஸ் ஒன்று வந்து தருமபுரிப் பக்கம் போனது. அந்த அம்மா அதில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. வருவதாகச் சொன்ன நேரம் தாண்டி, வெயில் இறங்க ஆரம்பித்தது. எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

போன் அடித்தது. அந்த அம்மாதான். அங்கிருந்து என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. இங்கே அவர் பேசியது மட்டும்தான் கேட்டது.

"ம்... அப்படியா... தங்கச்சி விட மாட்டேங்குதா?" கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "சொன்னா சொன்ன மாதிரியே வரணுமா என்ன? இருந்துட்டு நாளைக்கு வா. நாளானிக்கு வேணும்னாலும் வா."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னைக் கடத்தூர் பஸ்ஸில் ஏறச் சொன்னார். நான் ஏறவில்லை, வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தொடையில் கையை ஊன்றி எழுந்து, வந்த வழியை ஒருமுறை பார்த்தார்.

"நடங்கம்மா. திரும்பிப் போறதுக்குன்னு கொஞ்சம் மூச்சு எடுத்து வெச்சிருக்கேன்" என்றார்.